வாசலில் எழுப்பிய சுவர்

லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவிலேயே பள்ளத்தில் இருப்பது எங்கள் வீடுதான். சாவியைக் கையில் கொடுக்கும்போதே பழைய வீட்டுக்காரர் சொன்னார்: "பெரிய மழை வந்தா முன்கதவு, பின்கதவு ரெண்டையும் திறந்து வுட்டுடுங்க சார். தண்ணி ஹால் வழியா பின்னாடி இருக்கற பெரிய மழைநீர்க் கால்வாய்க்கு, அதான் ராஜகாலுவேக்குப் போயிடும். தடுத்தா கேக்காது."

வீடு வாங்கினேனா, கால்வாய் வாங்கினேனா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டு, வாசலை அடைத்து இரண்டடிக்குச் சுவர் எழுப்பினேன்.

"வழிய அடைச்சா அது வேற எங்கதான் போகும்?" என்றாள் மனைவி.

"எங்கயோ போகட்டும்" என்றேன்.

அடுத்த மழைக்குத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். எங்கள் கூடத்தில் ஒரு சொட்டு இல்லை. மாடியில் நின்று, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சுவரை வீடியோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டேன்.

உடனே அக்கா கேட்டாள்: "சுவரு கிடக்கட்டும். எதிர்வீட்டுல அந்தப் பொண்ணு என்னடா பண்ணுது?"

மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவள் தோசை மாவு அரைத்து விற்பவள். தண்ணீர் புகுந்த வீட்டிலிருந்து கிரைண்டரை வெளியே இழுத்து, மாடிப்படியில் தனியாக ஏற்றப் பார்க்கிறாள். அது சரிந்து தண்ணீருக்குள் விழுகிறது. அந்த நேரத்தில் என் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அதுவரை அவள் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் போனதே கிடையாது.

அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன். கிரைண்டரைச் சரி செய்து தருகிறேன் என்று சொல்ல இரண்டு முறை அவள் வாசல் வரை போனேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. வாய் வராமல் திரும்பிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே சம்மட்டி வாங்கி வந்து, சுவரை நானே உடைத்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் பேய்மழை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டேன். வழி தெரிந்த விருந்தாளிபோலத் தண்ணீர் முன்னால் வந்து பின்னால் போனது. அதை என்னால் தாங்க முடிந்தது. வாஷிங் மெஷினை மட்டும் கட்டில்மேல் ஏற்ற முடியாமல் திணறிக்கொண்டிருந்தேன்.

முன்கதவில் நிழலாடியது. எதிர்வீட்டுப் பெண், தொப்பலாக நனைந்து நின்றாள்.

"அண்ணா, நீங்க அந்தப் பக்கம் புடிங்க. ஒரு ஆளா தூக்க முடியாது, எனக்குத் தெரியும்."

பிடித்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.