எட்டு என்று காட்டிய கார்

பத்து வருடம் ஓவர்லாக் மெஷினில் தைத்துவிட்டு, நாற்பது வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டு, அதே பனியன் கம்பெனியில் கார் ஓட்டும் வேலையைக் கேட்டு வாங்கினேன். சாம்பிள் பெட்டிகளையும், ஆர்டர் கொடுக்க வரும் வெளிநாட்டு பையர்களையும் ஏற்றிப்போவது என் வேலை. ஆறு டிரைவர்களில் நான் ஒருத்திதான் பெண்.

ஒருமுறை கார் சர்வீஸுக்குப் போய் வந்தது. அதுவரை மைலேஜ் பன்னிரண்டு, பன்னிரண்டரை என்று காட்டிக்கொண்டிருந்த திரையில் எட்டு என்று வந்தது. வண்டிகளைக் கவனிக்கும் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, மற்ற டிரைவர்கள் நிற்கும்போதே என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்கம்மா, லிட்டருக்குப் பன்னெண்டு குடுத்த வண்டி எட்டுக்கு வந்திருக்குது. கண்டபடி மிதிச்சு ஓட்டறீங்களாட்ட இருக்குது. பொம்பளைகளுக்கு வண்டி ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னனுங்க. நாளையிலிருந்து பாக்கிங்குக்குப் போயிருங்க."

எங்கள் ஊரில் அவமானப்படுத்தும்போதும் மரியாதை குறையாது. ஐந்து ஆண்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பாக்கிங்குக்குப் போக ஒத்துக்கொண்டதாக மேனேஜர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்.

"போட மாட்டனுங்க. நான் ஓட்டறதுல தப்பில்லீங்க" என்றேன்.

அன்று மதியம் காங்கேயத்துக்குப் போகவேண்டியிருந்தது. வழி முழுக்க அந்த நம்பரையே பார்த்தேன். மேம்பாலம் ஏறும்போது கூடியது. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் குறைந்தது. மைலேஜ் என்றால் நேர்மாறாகத்தானே இருக்க வேண்டும்? ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தேன். நூறு கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. சர்வீஸில் யாரோ கணக்கை மாற்றிவிட்டிருக்கிறார்கள். நூறை எட்டால் வகுத்தேன். பன்னிரண்டரை. காருக்குள்ளேயே சத்தமாகச் சிரித்தேன். அடுத்த நிமிடம் கோபம் வந்தது.

திரும்பி வந்து சொன்னபோது மேனேஜர் நம்பவில்லை. "நம்பர் குறைஞ்சா நல்லதுங்களா? என்னங்கம்மா கதை உடறீங்க."

"கதையில்லீங்க. டேங்க்கை நிரப்பிட்டு நீங்களே பக்கத்துல உக்காருங்க."

மறுநாள் காலை பெட்ரோல் பங்கில் டேங்க் நிறைய டீசல் போட்டோம். குன்னத்தூர், பிறகு காங்கேயம் என்று சுற்றி நூறு கிலோமீட்டர் ஓட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அதே பங்குக்குத் திரும்பி மறுபடி நிரப்பியபோது எட்டு லிட்டரில் டேங்க் நிறைந்துவிட்டது.

அவர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துக் கிழித்தார். "செரி, உடுங்க. இதை யாருகிட்டயும் பேச வேண்டாமுங்க."

"எல்லாரு முன்னாலயுந்தானுங்க சொன்னீங்க. எல்லாரு முன்னாலயும் தப்புன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் காரை விட்டு எறங்க மாட்டனுங்க."

கம்பெனி வாசலில் நிறுத்தியதும் அவர் இறங்கி உள்ளே போனார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். டீ நேரத்தில் டிரைவர்கள் கூடினார்கள். அவர் வந்து கார் கதவைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா நல்லாத்தான் ஓட்டறாங்க. நாந்தான் தப்பாப் பாத்துட்டனுங்க."

இரண்டு டிரைவர்கள் டீயோடு என்னிடம் வந்தார்கள். நான் வாங்கிக்கொள்ளவில்லை. முதல் நாள் பேசியிருக்க வேண்டியவர்கள் அவர்கள். பையர் வந்திறங்கும் நேரம் நெருங்கிவிட்டது. கோவை ஏர்போர்ட்டுக்கு வண்டியை எடுத்தேன்.