என் வாளைக் கண்டுபிடித்த அக்கா

பக்கத்து இருக்கை அக்காவின் கைப்பேசியில் நான் வரைந்த வாள் தெரிந்தது.

திண்டிவனத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே பார்த்துவிட்டேன். இந்தக் கதைத் தளத்தில் நான் எழுதும் மந்திரவாள் தொடர்கதையின் அட்டைப்படம்! எழுதுவது நான்தான் என்று என் வீட்டில்கூடத் தெரியாது.

அக்காவின் தோழி கேட்டார்: "ஏன்டி, இந்தக் கதையில வர்றவ எப்பப் பாரு வாளத் தூக்கிக்கினு திரியிறா, ஒரு பேயக்கூட வெட்ட மாட்றாளே?"

"அது வாளே இல்லடி லூசு. நாம வயசுக்கு வந்தப்ப பேய் அண்டக்கூடாதுன்னு கையில இரும்பு குடுத்து ஓலைக் குடிசைக்குள்ள உக்கார வெச்சாங்கல்ல? அந்த இரும்புதான் இது. இத எழுதுற பொண்ண அதோட ஸ்கூல விட்டு நிறுத்தியிருப்பாங்க, பாரு."

என்னை அப்படித்தான் நிறுத்தினார்கள். ஆனால் அதை நான் எங்கேயும் சொன்னதில்லை. பேய்களையும் மந்திரவாதியையும் பற்றித்தான் எழுதுவதாக நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்த அக்கா, "நீயும் இதப் படிக்கிறியாம்மா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டிவிட்டு, விழுப்புரம் போக வேண்டியவள் விக்கிரவாண்டியிலேயே இறங்கிவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொண்டே இதை எழுதுகிறேன்.

அக்கா, இதைப் பார்த்தால் சொல்லுங்கள். மற்ற அத்தியாயங்களில் இன்னும் என்னவெல்லாம் கண்டுபிடித்து வைத்திருக்கிறீர்கள்?