பின்பக்கத்து விசிறி

நாற்பத்தொரு வீதத்தில் கணினி மூன்றாம் தரமும் நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "நாசமாப் போன சாமான்!" என்று கத்தினேன். குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"ஆரைப் பேசுறீர், என்னையோ?"

"உங்களை இல்லை. இதைத்தான்."

"அப்ப சரி" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நான் கலியாணவீட்டு வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பவள். படம் பிடிப்பது வேறு ஆட்கள். அவர்கள் கொண்டுவந்து தரும் மணிக்கணக்கான காட்சிகளை வெட்டி, ஒட்டி, ஒரு படமாக்குவது என் வேலை. எல்லாம் முடிந்தபின் கணினி அதை ஒரே கோப்பாக்கித் தர வேண்டும். அதற்கு அது மூன்று மணித்தியாலம் ஓயாமல் ஓட வேண்டும். அந்த வைகாசி வெக்கையில் அது ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு மேல் ஓடமாட்டேன் என்றது. உள்ளே சூடு தொண்ணூற்றைந்து பாகையைத் தாண்டும். தான் எரிந்துபோகாமல் இருக்க அது தானாகவே நின்றுவிடும்.

வேறு யாருடைய கலியாணம் என்றாலும் அடுத்த கிழமை பார்க்கலாம் என்று விட்டிருப்பேன். இது மயிலிட்டி அண்ணையின் மகளுடையது. அவர் மயிலிட்டிக் கரையில் சொந்தப் படகு வைத்து மீன்பிடித் தொழில் செய்பவர். வெள்ளிக்கிழமை காலை வந்து, கதிரையில் சாயாமல் நுனியில் இருந்தார்.

"தங்கச்சி, என்ரை அக்கா கனடாவில ஆஸ்பத்திரியில கிடக்கிறா. அம்மா செத்தாப் பிறகு என்னை வளத்தது அவதான். இனிக் கன நாள் இல்லையெண்டு மருமக்கள் சொல்லிப்போட்டினம்."

"கலியாணத்தை லைவில பாத்தவவோ, அண்ணை?"

"எங்கை பாத்தது! தாலி கட்டுற நேரம் பாத்து லைன் விழுந்திட்டுது. வந்தது, போனது, வந்தது, போனது. துண்டு துண்டாத்தான் பாத்தவ. முழுக்கப் பாக்காமல் கண் மூடமாட்டன் எண்டு பிடிவாதமா நிக்கிறா. ஞாயிற்றுக்கிழமைக்கிடையில முடிக்க ஏலுமோ?"

"ஓம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லை விழுங்கிப் பழக்கமில்லாதவள் நான்.

அவர் முழுக்க என்று கேட்டதால், வழக்கமாக வெட்டுகிற இடங்களைக்கூட வெட்டாமல் விட்டேன். ஓமம் வளர்க்கும்போது நெருப்பு அணைந்துபோகும் என்று மண்டபத்து ஃபான்களை நிற்பாட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் பொம்பிளைக்கு வேர்த்து ஊற்றும், பூச்செல்லாம் கரைந்து வழியும். எந்தப் பொம்பிளையும் தன்னை அப்படிப் பார்க்க விரும்பமாட்டாள் என்று அதைத் தூக்கிவிடுவதுதான் என் முறை. இந்தப் பிள்ளைக்கும் மூக்கு நுனியில் வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கணினி நின்றது சனிக்கிழமை மத்தியானம். வாங்கின கடைக்குப் போன் எடுத்தேன். திங்கட்கிழமை கொண்டுவரட்டாம், புதுச் சாமான் கொழும்பிலிருந்துதான் வரவேண்டுமாம். என் கணவர் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, "சின்னச் சின்னத் துண்டா ஆக்கி அனுப்பிவிடுமன்" என்றார்.

"துண்டு துண்டாப் பாத்தது காணாது எண்டுதானே அந்த மனுசன் இஞ்சை வந்தது!" என்று பாய்ந்தேன். பாவம், அவர் நல்லதைத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அன்றைக்கு நல்லதைக் கேட்கிற காது இல்லை.

ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். பக்கத்துத் தகட்டைக் கழற்றினால் உள்ளே செம்மண். புழுதி வாரும் சோளகக் காற்றுக்குப் பயந்து யன்னல்களை அடித்துச் சாத்தி வைத்திருந்தும் எப்படித்தான் நுழைந்ததோ தெரியவில்லை. பெயின்ற் அடிக்கிற தூரிகையால் ஒவ்வோர் இடுக்கையும் தட்டி எடுத்தேன். முன்பக்கத்து வலையைக் கழுவிக் காயவைத்துப் பூட்டினேன். பக்கத்தைத் திறந்தபடியே விட்டு, நிலத்தில் வைக்கிற ஃபானை இழுத்துவந்து அதன் முன் வைத்து ஓடவிட்டேன். ஐம்பத்திரண்டு வீதம் வரை போனது. நின்றது.

"இனி என்ன செய்யப்போறீர்?" என்றார் கணவர்.

"இண்டைக்கு இது, இல்லாட்டி நான்" என்றேன்.

காற்று கண்ணுக்குத் தெரியாதது. அதுதான் பிரச்சினை. அது எங்கே போகிறது, எங்கே முட்டுகிறது என்று தெரியாமல் சும்மா ஊதி என்ன பயன்? சாமியறைக்குப் போய் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்தேன். கணவர் விலகி வழி விட்டார். நான் கணினிக்குத் தீபாராதனை காட்டப்போகிறேன் என்று நினைத்திருப்பார்.

தகட்டை மூடி, முன்பக்கத்தில் ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை நல்ல பிள்ளையாக உள்ளே போனது. பின்பக்கம் கொண்டுபோனேன். அங்கே இருக்கிற ஒற்றை விசிறி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ள வேண்டும், புகை என் முகத்துக்கு வர வேண்டும். வரவில்லை. அதுவும் உள்ளே போனது.

"ஐயோ, என்ரை அம்மாளே!"

என் கணவர் ஓடிவந்தார். பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார்.

அந்தப் பின் விசிறியைப் போன வருடம் மாற்றியவள் நான்தான். நான் வாசலைப் பார்த்து இருந்து வேலை செய்பவள். ஆகவே கணினியின் முன்பக்கம் எனக்குத் தெரியும், அதன் முதுகு வாசலால் வருகிறவர்களுக்குத் தெரியும். விசிறிக்கு ஒரு பக்கம் மழமழவென்று வடிவாக இருக்கும், மற்றப் பக்கத்தில் குறுக்குக் கம்பியும் ஒட்டுத்தாளும் வயரும் தெரியும். வீட்டுக்கு வருகிற சனத்துக்கு வயரையா காட்டுவது? வடிவான முகம் வாசலைப் பார்க்கத் திருப்பிப் பூட்டிவிட்டேன். வடிவான பக்கம் காற்றை உறிஞ்சும், மற்றப் பக்கம்தான் தள்ளும் என்பதை யார் யோசித்தது?

"அண்டைக்கே சொன்னனான், முந்தி உது மற்றப் பக்கமாத்தானே இருந்தது எண்டு" என்றார் அவர். "ரோச் லைற் பிடிக்கிறவர் ரோச்சை மட்டும் பிடியுங்கோ எண்டனீர்."

சொன்னேன்தான். முன்னாலும் உள்ளே, பின்னாலும் உள்ளே. வந்த காற்று மேல் ஓட்டைகளாலாவது போயிருக்கும், அதற்கும் வழியில்லை. புழுதி விழாமல் நான் கையால் பின்னிய வெள்ளை லேஸ் துணியை அதன்மேல் விரித்திருந்தேன். துணியைத் தூக்கினேன். அப்பச்சட்டி மூடியைத் திறந்ததுபோல் சூடு முகத்தில் அடித்தது. ஒரு வருடமாக அந்தக் கணினியை நானே மூச்சடைக்க வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"சிரிச்சது காணும், ரோச்சைப் பிடியுங்கோ" என்றேன்.

நான்கு ஆணிகளைக் கழற்றி விசிறியைத் திருப்பினேன். ஓர் ஆணி பிடிக்கவில்லை. அந்த மூலை ஆடாமல் இருக்க றப்பர் வளையத்தை வெட்டி இடையில் செருகினேன். லேஸ் துணி அலுமாரிக்குள் போனது. யன்னலைத் திறந்து, பழைய நுளம்பு வலையை இரண்டாக மடித்துக் கட்டினேன். இரண்டாவது ஊதுபத்தியின் புகை முன்னால் நுழைந்தது. பின்னால் பிடித்தபோது வாசலை நோக்கிப் பறந்தது. அவருக்குத் தும்மல் வந்தது. எனக்கு அது போதும்.

எல்லாம் பூட்டி முடிய நடுச்சாமமாகிவிட்டது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஓடவிட்டேன். சூடு எழுபத்திரண்டு பாகையில் நின்றது. நாற்பத்தொன்றைத் தாண்டியது. ஐம்பத்திரண்டைத் தாண்டியபோது கதிரையை விட்டு எழும்பிவிட்டேன், இருக்க முடியவில்லை. ஒன்பது மணிக்கு முடிந்தது. மத்தியானத்துக்குள் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை மயிலிட்டி அண்ணை ஒரு பை விளைமீனோடு வந்தார். இந்த முறை கதிரையில் சாய்ந்து இருந்தார்.

"முழுக்கப் பாத்திட்டா, தங்கச்சி. இடையில நித்திரையாப் போனவவாம். எழும்பி, விட்ட இடத்தில இருந்து போடச் சொன்னவவாம்."

"சந்தோசம், அண்ணை."

"ஓமம் வளக்கேக்க பிள்ளைக்கு வேர்த்து ஊத்தினதெல்லோ? அதைக் கண்டிட்டு, தலைமாட்டில கிடந்த கடதாசி மட்டையை எடுத்து ரீவியைப் பாத்து விசிறத் தொடங்கிட்டாவாம். 'பிள்ளைக்கு வேர்க்குது, உங்களுக்கு ஒருத்தருக்கும் கண் தெரியேல்லையோ' எண்டு எல்லாருக்கும் பேச்சு. தாலி கட்டி முடியுமட்டும் கையை நிப்பாட்டேல்லையாம்."

அவர் சேட்டுக் கையால் கண்ணைத் துடைத்தார். நானும் அழுதேன், மறைக்கவில்லை. அந்த இடத்தைத்தான் நான் எல்லாக் கலியாணத்திலும் வெட்டி எறிந்துகொண்டிருந்தேன்.