இரண்டு முறை எண்ணிய இழப்பு

2024 ஜூன் 11, காலை பத்து இருபது, சாரல் மழை. தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் பல்கலைக்கழகம் போனேன். ஒரு மாணவியின் குவாண்டம் ஆய்வேட்டைத் தவறென்று நான்கு மாதம் நிறுத்திவைத்திருந்த தேர்வாளன் நான். அவளைப் போல ஆயத்த மென்பொருளைத் தட்டும் கூட்டத்துக்கு எண்ணத் தெரியாது என்பது என் முடிவு.

அவள் முடிவைச் சரிபார்க்க நானே எழுதிய கணினி நிரலை அவள் திறந்து காட்டினாள். "சார், ஒத்திசைவு மொத்தமா குறையுற வேகம் அஞ்சு. ஆற்றல் இழப்பு ரெண்டு. அதுல பாதி அந்த அஞ்சுக்குள்ளயே உண்டு. ஆற்றல் போகாம கட்டம் மட்டும் குலையுற தனி டீஃபேசிங் மிச்சம் நாலுதான். நீங்க அந்த நாலுக்குப் பதிலா அஞ்சையும் போட்டு, ஆற்றல் இழப்பையும் மறுபடி சேத்திட்டியளே?"

ஐந்தோடு ஆற்றல் இழப்பின் பாதியான ஒன்றைக் கூட்டினேன். ஆறு வந்தது. மாடிப்படியைக்கூட எண்ணி ஏறுகிற நான், ஒரே இழப்பை இரண்டு முறை எண்ணியிருந்தேன்.

"தப்பு என்னுடையது."

"அது தெரியும் சாரே. ஒப்பு எப்போ இடுவிய?"

அங்கேயே கையெழுத்திட்டேன். என் இளக்காரத்தால் அவளுக்குப் போனது நான்கு மாதம். எனக்குப் போனது ஆட்டோ கூலி, நூற்று நாற்பது ரூபாய்.