தங்கை தொட விடாத விளையாட்டு

என் மடிக்கணினியில் ஒரு பாதாளக் குகை விளையாட்டு இருந்தது. பழைய காலத்துப் பாணியில், கறுப்புத் திரையில் கோடுகளும் எழுத்துகளும்தான். ஆனால் வீரன் செத்தால் செத்ததுதான், மீட்க வழியில்லை. அந்தப் பயத்துக்காகவே நான் அதை விடாமல் விளையாடினேன். கடற்கரை ஊரான மாம்புரியில் தங்கை வீட்டில் தங்கியபோது அவளுக்கும் பழக்கிவிட்டேன். அவள் வீரனுக்குத் தன் கணவரின் பெயரை வைத்தாள்.

மறுநாள் மச்சான் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனபின் காற்று முறுகியது. கரையில் படகுகளை மேலே இழுத்தார்கள். அவருடைய போன் வேலை செய்யவில்லை. திரையில் வீரனைப் பேய்கள் சூழ்ந்திருந்தன. இன்னொரு அடி பட்டால் முடிந்துவிடுவான். நாம் அசைந்தால்தான் பேய்களும் அசையும். தங்கை கையை எடுத்துவிட்டாள்.

நான் கை நீட்டினேன்.

"நானா, தொடாதீங்க!" என்று அண்ணனான என்னைத் தடுத்தாள்.

"கேம்தானே புள்ள?"

"தெரியும். அவர் வரட்டும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றரி முடியப்போவதாகத் திரை எச்சரித்ததும் நானே ஓடிப்போய் சார்ஜரை எடுத்துவந்தேன். அவசரத்தில் அதைத் தலைகீழாகச் செருகப் பார்த்தேன். தங்கைதான் வாங்கிச் செருகினாள். பிறகு இருவரும் காற்றைக் கேட்டபடி இருந்தோம்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மச்சான் நனைந்துபோய் வந்தார். தங்கை வாய்விட்டு அழுதாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தார்.

"அட, என்ட பேராச்சே!"

நாங்கள் தடுப்பதற்குள் ஒரு விசையைத் தட்டினார். வீரன் செத்துவிட்டதாக அவர் பெயரோடு எழுத்து வந்தது. மச்சான் மட்டும் சிரித்தார். தங்கை அவரை ஒரு கிழமை, ஏழு நாளும், கடலுக்கு விடவில்லை.