பிலோமினா டீச்சரும் எங்கள் வீட்டு சிங்க் குழாயும்

சென்ற வியாழன் காலை அவருடைய மகன் தொலைபேசியில் அழைத்து, "அம்மா தூக்கத்திலேயே போயிட்டாங்க ஆன்ட்டி" என்றான். நம் பள்ளியில் நம்முடன் வேதியியல் கற்பித்த பிலோமினா டீச்சர் இனி இல்லை. உட்கார்ந்து அழுதேன். கூடவே, நல்ல வேளை என்று ஒரு நிம்மதியும் இருந்தது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருவரும் ஆறு ஆண்டுகள் பேசிக்கொள்ளாதது ஆசிரியர் அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். காரணம் பலருக்குத் தெரியாது. தலைமையாசிரியர் பதவிக்கு அவர் பெயர் வந்தபோது, "கோபக்காரி, சரிப்பட மாட்டார்" என்று நிர்வாகத்திடம் சொன்னவள் நான். அது அவர் காதுக்குப் போய்விட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சைனிக்புரியில் என் மாமனார் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுக் கட்டிய வீட்டில், சமையலறை சிங்க்கில் தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டது. சுவருக்குள் புகுந்து தரைக்கடியில் ஓடும் பழைய இரும்புக் குழாய். தரையை உடைக்க வேண்டும், பத்து நாள் ஆகும் என்றார் பிளம்பர் யாதகிரி. அடுத்த அறையில் ஆஸ்துமாவோடு படுத்திருந்த மாமியாருக்கு அந்தத் தூசி ஆகாது. வேறு வழி தெரியாமல் ஆசிட் பாட்டிலைத் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பேரனின் ஞானஸ்நான அழைப்போடு பிலோமினா வந்து நின்றார். "எல்லாருக்கும் குடுத்துட்டு உன்னை மட்டும் விட மனசு வரலை" என்றவர், பாட்டிலைப் பார்த்ததும் உள்ளே பாய்ந்தார்.

"நக்கோ, வேண்டாம்! துருப்பிடிச்ச இரும்பு. ஆசிட் ஊத்தினா சுவருக்குள்ளயே ஓட்டையாயிடும். அந்தப் புகையை உன் மாமியார் தாங்குவாங்களா?"

புடவையைச் செருகிக்கொண்டு சிங்க்குக்கு அடியில் படுத்துவிட்டார். நான் டார்ச் பிடித்தேன்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு, பிலோ."

"டார்ச்சை நேராப் பிடி."

பிறகு வெளியே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்து வந்து, யாதகிரியைக் கூப்பிடச் சொன்னார். அவர் வந்ததும் சொன்னார்: "தரையை எதுக்கு உடைக்கணும்? சிங்க்குக்குப் பின்னாடியே வெளிச்சுவர். ஒரு துளை போட்டு பிவிசி குழாயை நேரா வெளித்தொட்டிக்கு விடுங்க. பழசோட வாயை அடைச்சிடுங்க, அது பாட்டுக்கு உள்ளே கிடக்கட்டும்."

யாதகிரி கொஞ்சம் யோசித்து, "ஹவ் மேடம்" என்று ஒத்துக்கொண்டார். மாலைக்குள் தண்ணீர் கடகடவென்று இறங்கியது. மாமியார் ஒருமுறைகூட இருமவில்லை.

தேநீர் குடிக்கும்போது அவராகவே சொன்னார்: "நீ சொன்னது பொய்யில்லை. நான் கோபக்காரிதான். ஆனா அதை என்கிட்ட சொல்லியிருக்கணும்."

"ஆமாம்" என்றேன்.

அதன்பின் ஞாயிறுதோறும் பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். வாய்விட்டுச் சண்டை போட்டோம், கிளம்புமுன் சமாதானமானோம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: யார்மேல் குறை இருந்தாலும் இப்போது அவரிடமே சொல்கிறேன். அடக்கத்தன்று அவர் முகத்தைக் கடைசியாகப் பார்த்தபோது, சொல்லாமல் விட்டது எதுவும் என்னிடம் மீதமில்லை.