ஆலாக்கள் விட்ட இடைவெளி

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்துபோய்த் தேநீர் போடுகிற ஆள் நான். பௌதிகம் படித்தவன். ராகுகாலம் பார்த்துக் கடிதத்தைத் தபாலில் போடுகிற அப்பாவோடு அதற்காகவே சண்டை பிடித்தவன். ஆகவே இதை வாசித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, நீங்கள் சொல்லி நான் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பேன். ஆனால் நெகட்டிவ் என்னிடம்தான் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஒரே அறையில் நானும் அன்ரனும் இருந்தோம். அவன் மன்னார்க் கத்தோலிக்கன், என் வயது, பெட்ரோல் நிலையத்தில் வேலை. எனக்கு அப்போது பறவைப் பைத்தியம். ஆர்க்டிக் ஆலாவின் படத்தைக் காட்டி, இந்தச் சின்ன உடம்பு வருடம் தவறாமல் வட துருவத்துக்கும் தென் துருவத்துக்கும் போய் வருகிறது தெரியுமா என்று ஒருநாள் மூச்சு விடாமல் பேசினேன். அன்ரன் எட்டிப் பார்த்தான்.

"எங்கட கடல்லயும் இதின்ர சொந்தக்காரர் நிக்கினம், மச்சான். விசா கேக்காமத் திரியிற சாதி."

மே மாதத் தொடக்கத்தில் கிழக்குக் காற்றும் மூடுபனியும் சேர்ந்தால், வடக்கே போகிற ஆலாக்கள் வழி தடுமாறி லண்டனின் மேற்கே இருக்கிற நீர்த்தேக்கங்களில் இறங்கும். சில மணி நேரம்தான். அப்படி ஒரு காலை, வேலை முடிந்து வந்த அன்ரனைப் படுக்க விடாமல் இழுத்துக்கொண்டு போனேன். ரயிலில் அவன் ஒரு கடிதத்தை எடுத்தான்.

அவனுடைய அண்ணன் மரியதாஸ் இரண்டு வருடத்துக்கு முன் ராமேஸ்வரத்துக்கு அகதிகளை ஏற்றிக்கொண்டு படகு ஓட்டிப் போனவர். படகும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை.

"அண்ணைக்கு இறந்தவைக்கான பூசை ஒப்புக்குடுக்கட்டோ எண்டு அம்மா கேக்கிறா. நான் ஓம் எண்டு எழுதினாத்தான் குடுப்பாவாம்."

"நீ என்ன எழுதப்போறாய்?"

"நான் ஓம் எண்டா அவன் செத்திடுவான், மச்சான். என்ர கையாலதான்."

நான் கமராவை எடுத்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தில் இரண்டு நீர்த்தேக்கங்களுக்கு நடுவே ஒடுங்கிய பாதை ஒன்று போகிறது, இருபுறமும் கம்பி வேலி. நாங்கள் போனபோது தண்ணீரும் வானமும் ஒன்றாகியிருந்தன. எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோகிற வெள்ளை. பிறகு அவை வந்தன. முதலில் சத்தம், கிரீச்சென்று மெல்லியதாக, எல்லாப் பக்கமிருந்தும். பிறகு அலகுகள். நம்புங்கள், பறவையே தெரியவில்லை, இரத்தச் சிவப்பு அலகுகள் மட்டும் பனிக்குள் மிதந்து வந்தன, அவற்றின் பின்னால் மெதுவாகக் கறுப்புத் தொப்பியும் சாம்பல் இறகும் நீண்ட வாலும் உருவாகின. மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அன்ரன் இருபது அடி தள்ளி, காற்றுக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்து, ஃபிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தான். அப்போது தண்ணீரில் ஆலாக்கள் வரிசையாக அமர்ந்திருப்பதைக் கண்டேன். ஏதோ மிதக்கிற பலகை என்று நினைத்தேன். ஒரு படம் எடுத்தேன். சுருளில் இன்னும் ஒன்றுதான் மிச்சம். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் குறிபார்க்கையில் யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள்.

"தம்பி, கொஞ்சம் தள்ளு."

கண்ணைக் கமராவிலிருந்து எடுக்காமலே வேலியோடு ஒட்டி நின்றேன். பின்னால் ஒரு ஆள் கடந்துபோனதுபோல் இருந்தது. கடைசிப் படத்தை எடுத்தேன். அந்த நொடியே பறவைகள் அத்தனையும் எழும்பி, சுழன்று சுழன்று மேலே போய், பனியில் கரைந்துவிட்டன.

"படம் எடுக்கேக்க ஏனடா தள்ளச் சொன்னாய்?" என்று அன்ரன் மேல் பாய்ந்தேன்.

"உனக்கென்ன விசரோ? நான் இஞ்ச தேத்தண்ணி ஊத்திக்கொண்டிருக்கிறன்."

கொஞ்ச நேரத்தில் பனி விலகியது. பாதையில் ஒருவரும் இல்லை. தண்ணீரிலும் ஒன்றுமில்லை, பலகையும் இல்லை மிதவையும் இல்லை. லண்டன் குடிக்கிற தண்ணீர் அது, யாரும் படகு விட முடியாது.

சனிக்கிழமை படங்கள் கழுவி வந்தன. கடைசிக்கு முந்தைய படத்தில் பதினொரு ஆலாக்கள் இறகை மடக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. தண்ணீருக்கு ஒரு முழம் மேலே. வெறும் காற்றில். வரிசை ஒரு பக்கம் உயர்ந்து, மறுபக்கம் தாழ்ந்திருந்தது. தாழ்ந்த முனையில் இரண்டு பறவைகளுக்கு நடுவே மட்டும் ஓர் இடைவெளி.

அன்ரன் விரலை வைத்தான். "இது படகின்ர முன்பக்கம். இது எஞ்சின் பிடிக்கிற ஆள் இருக்கிற இடம்."

கடைசிப் படத்திலும் அதே வரிசை, அதே பதினொன்று. ஆனால் அவை நெருங்கி உட்கார்ந்திருந்தன. இடைவெளி இல்லை, அங்கே இருந்த ஆள் எழும்பிப் போனதுபோல.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்ரன் என்னை ஒருநாளும் தம்பி என்று கூப்பிட்டதில்லை. சொன்னேன். அவன் கட்டிலில் இருந்துவிட்டான்.

"அண்ணை நாயைக்கூடத் தம்பி எண்டுதான் கூப்பிடுவான்," என்றான். சிரித்தான், பிறகு அழுதான்.

அடுத்த நாள் அவனோடு தேவாலயத்துக்குப் போனேன். பூசைக்குப் பெயர் எழுதுகிற தமிழ் அக்கா பேனையோடு கேட்டார்: "மரியதாஸ், உயிரோட இருக்கிறவரோ, இறந்தவரோ?"

அன்ரன் யோசிக்கவேயில்லை. "பயணத்தில இருக்கிறவர் எண்டு எழுதுங்கோ, அக்கா."

அம்மாவுக்கும் அதையே எழுதினான். மரியதாஸைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

புறப்படும்போது அந்த அக்கா என்னைப் பார்த்து, "தம்பி," என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கோட்டில என்ன வெள்ளையா?"

நீர்த்தேக்கத்துக்குப் போட்டுப்போன அதே கோட்டு, முழங்கைப் பக்கம். நான்கு விரல், ஒரு பெருவிரல். தட்டினேன், போகவில்லை. திரும்பி வரும் ரயிலில், அன்ரன் பார்க்காத நேரம், நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தேன்.

உப்பு.